மாசானமுத்து ஆஜர்

ஒரு மனிதன் வராமலே அவனை விசாரித்து முடிக்கிற வசதி நெடுங்கரை கோர்ட்டுக்கு வந்தபோது நான் அங்கே டவாலி. டவாலி என்றால் மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது கூப்பிடலுக்குள் ஆள் வந்து 'ஆஜர்' சொல்லாவிட்டால் வாரண்ட். என் மூன்றாவது கூப்பிடலுக்குப் பயந்து ஒருமுறை வேப்பமரத்துக் காக்கை ஒன்று உள்ளே பறந்து வந்து குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டது. சொந்த ஜாமீனில் அனுப்பி வைத்தோம். இதை நம்பாதவர்கள், இதற்கு மேல் நான் சொல்லப்போவதையும் நம்ப வேண்டியதில்லை.

அந்த வசதி எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயிலில் இருக்கிற கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிவர வழிக்காவல் போலீஸ் வேண்டும். மந்திரிகள் பெருகப் பெருக வழிக்காவலுக்குப் போலீஸ் குறைந்துபோனது. 'வழிக்காவல் இல்லை' என்று ஜெயிலிலிருந்து தகவல் வரும். ஜட்ஜய்யா வாய்தா போடுவார். சைக்கிள் திருடிய ஒருவரை வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தியபோது, பழைய ஜட்ஜய்யா போய் வயதில் சின்னவர் ஒருவர் வந்திருந்தார். "சைக்கிள் என்றால் என்ன?" என்று கேட்டார். கைதிதான் படம் வரைந்து காட்டினார். அந்தப் படத்தையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு தண்டித்தார்கள்.

ஆனாலும் சட்டம் பிடிவாதமாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தன் விசாரணையில் நேரில் இருக்க வேண்டும். அது அவர் உரிமை. உரிமையைப் பறித்தால் கெட்ட பெயர் வரும். அதனால் அரசாங்கம் உரிமையை அப்படியே விட்டுவிட்டு, 'நேரில்' என்ற சொல்லுக்கு மட்டும் புதிய விளக்கம் எழுதியது. கூண்டு இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி வந்தது. அதற்குள் ஒளியால் ஆன ஒரு மனிதர் நிற்பார். முகம் கைதியின் முகம், குரல் கைதியின் குரல். சட்டத்தில் அதற்கு 'முன்னிலை உரு' என்று பெயர். நாங்கள் 'உரு' என்போம்.

எனக்கு உரு பிடித்துத்தான் இருந்தது. இருமாது. வெற்றிலை போடாது. முதல் கூப்பிடலிலேயே "ஆஜர், ஐயா" என்று கும்பிடும். மூன்றாவது கூப்பிடலுக்கு வேலையே இல்லாமல் என் தொண்டை துருப்பிடித்தது, அது ஒன்றுதான் குறை. வேறொன்றும் கவனித்தேன். கோர்ட்டுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை, பயத்தில் வந்த பழக்கம். உரு வந்தபிறகு வாசலில் செருப்பு குறைந்துகொண்டே போனது.

ஒரு ஜோடி மட்டும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தது. ஆனால் அது யார் காலிலும் வரவில்லை. பிரம்மசக்தி என்கிற பெண் மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்து, வாசலில் ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷனின் செருப்பு.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டேன்.

"திடீர்னு விட்டுட்டா வெறுங்காலோடயா வருவாக, அண்ணாச்சி? வெயிலு என்னமா அடிக்கி."

அவள் புருஷன் மாசானமுத்து, உப்பளக் கூலி. உப்பளத்துக் கணக்கப்பிள்ளையை மண்வெட்டியால் அடித்துக் கொன்றதாக வழக்கு. பார்த்த சாட்சி ஒருவர்தான், உப்பள முதலாளியின் மைத்துனர் சொர்ணராஜ். மாசானமுத்துவை எட்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிற மத்திய ஜெயிலில் வைத்திருந்தார்கள். அவருக்குச் சட்ட உதவி மையம் கொடுத்த வக்கீல் ஹெப்சிபா. நல்ல பெண். ஒரே நாளில் பதினான்கு கைதிகளுக்கு ஆஜராவார். எல்லாரையும் பெட்டியிலேயே பார்த்துப் பேசிக்கொள்வார். கட்சிக்காரரோடு தனியாகக் கலந்துபேச வேண்டுமென்றால் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு உருவிடம் பேசுவார். அதுதான் விதி.

சொர்ணராஜ் சாட்சி சொன்ன அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

"மண்வெட்டியை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி, ஓங்கி ஒரே போடு, ஐயா. என் கண்ணால பாத்தேன்" என்றார்.

"அடித்த ஆள் இங்கே இருக்கிறாரா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"அந்தா பெட்டிக்குள்ள நிக்காரே."

உரு கும்பிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த பிரம்மசக்தி எழுந்தாள். உள்ளே வந்தாள். நான் தடுக்கப் போனேன். கொஞ்சம் மெதுவாகத்தான் போனேன்.

"அவுகளுக்குக் கை தூக்க வராதுய்யா! லாரியில மூடை ஏத்தும்போது கதவு விழுந்து வலது தோள் போச்சு. சோத்தையே குனிஞ்சுதான் திங்கணும். நான்தான் சட்டை மாட்டிவிடுவேன். தலைக்கு மேல எப்படிய்யா தூக்குவாக?"

ஹெப்சிபா முகத்தில், பரீட்சைத் தாளின் பின்பக்கத்திலும் கேள்வி இருப்பதைக் கடைசி மணியில் பார்த்தவரின் திகைப்பு. ஆனாலும் உடனே எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் இதைக் கவனிக்க வேண்டும்."

ஜட்ஜய்யா நல்ல மனிதர். பெட்டியைப் பார்த்து, "மாசானமுத்து, உங்க வலது கையைத் தூக்குங்க" என்றார்.

உரு வலது கையைத் தூக்கியது. தலைக்கு மேலே, காதை ஒட்டி, விரல்கள் விறைக்க. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை தூக்குவது போல.

"இறக்கலாமா, ஐயா?" என்று கேட்டது.

பிரம்மசக்தி அதைப் பார்த்தபடியே நின்றாள். புருஷனின் கை மேலே போனதை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். ஒரு நொடி சந்தோஷப்பட்டாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஹெப்சிபா விடவில்லை. பெட்டியைப் பராமரிக்கிற கம்பெனியின் இன்ஜினியர் அம்மாவை வராந்தாவில் பிடித்துக்கொண்டார்.

"அது எப்படிங்க கையைத் தூக்குது?"

"எல்லா உருவுக்கும் ஒரே உடம்புதான், மேடம். முகமும் குரலும் மட்டும் அவங்கவங்களோடது."

"ஊனம் இருக்கிறவங்களுக்கு?"

"முன்னாடி அவங்க உடம்பையே கொடுத்தோம். ஒருத்தர் நொண்டிக்கிட்டே நின்னார். ஜட்ஜுக்கு மனசு இளகும்னு அரசுத் தரப்பு ஆட்சேபணை பண்ணிச்சு. அதுக்கப்புறம் எல்லாருக்கும் நல்ல உடம்பு. சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம் இல்லையா, மேடம்?"

அந்த அம்மா கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பெருமைப்பட்டார்.

குற்றம் சாட்டப்பட்டவரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று ஹெப்சிபா மனுப் போட்டார். ஜட்ஜய்யா அனுமதித்தார். அரசு டாக்டர் வந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் என்று சட்டம் சொல்வது கோர்ட் முன்னிலையில் இருப்பவரை. ஆகவே அவர் கண்ணாடிப் பெட்டியை வலமாக ஒருமுறை, இடமாக ஒருமுறை சுற்றினார். "மூச்சை இழுத்து விடுங்க" என்றார். உரு இழுத்து விட்டது. 'தோள் மூட்டு அசைவு முழுமை, ஆரோக்கியம் மிக நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். என் விரலைக் குத்தித்தான் பார்த்தார். நான் மனிதன் அல்லவா.

இதற்கிடையில் மாசானமுத்து ஜெயிலிலிருந்து ஒரு மனு அனுப்பினார். ஜெயில் மனுவில் பெயர் கிடையாது. கைதி எண் போட்டு ரேகை வைப்பார்கள். 'என் கேஸை நான் வந்து பார்க்க வேண்டும்' என்று ஒரே வரி. அதற்குப் போன பதில் எனக்கு மனப்பாடம். 'மனுதாரர் சென்ற வாய்தாவில் நேரில் ஆஜராகி நன்னடத்தையுடன் நின்றிருந்தார். ஏற்கெனவே ஆஜராக இருப்பவர் மீண்டும் ஆஜராக வேண்டியதற்கான காரணம் எதையும் மனுதாரர் காட்டவில்லை.'

ஆயுள் தண்டனை விதித்தார்கள். தீர்ப்பைக் கேட்டு உரு கும்பிட்டது. பிரம்மசக்தி செருப்பை மஞ்சள் பையில் எடுத்து வைத்தாள்.

ஹெப்சிபா பதினான்கு கைதிகளில் பதிமூன்று பேரை மற்றவர்களிடம் தள்ளிவிட்டு மேல் கோர்ட்டுக்குப் போனார். ஜெயிலுக்கும் போனார். மாசானமுத்துவை அப்போதுதான் முதல்முதலாக நேரில் பார்த்தாராம். அவர் இடது கையால் மட்டும் கும்பிட்டாராம். "என் வக்கீல் பொம்பளையாள்னே எனக்குத் தெரியாதும்மா" என்றாராம். ஜெயில் டாக்டரிடம், இந்தக் கைதியின் வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது என்று சான்று வாங்கினார் ஹெப்சிபா.

மேல் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் இரண்டு சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் அரசாங்க முத்திரை. அரசாங்க டாக்டர் பொய் எழுத மாட்டார். இருவரும் அரசாங்க டாக்டர்கள். எனவே இரண்டும் உண்மை. கை தூக்க முடிகிறவர் ஒருவர், முடியாதவர் இன்னொருவர். விசாரிக்கப்பட்டவர் முடிகிறவர். ஜெயிலில் இருப்பவர் முடியாதவர். கைரேகை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதையும் நிபுணருக்கு அனுப்பினார்கள். உருவுக்கு ரேகை கிடையாது என்பதால், 'இருவர் ரேகையும் ஒத்துப்போகவில்லை' என்று நிபுணர் எழுதினார்.

தீர்ப்பு வந்தது: ஜெயிலில் இருக்கும் நபர் தண்டிக்கப்பட்ட மாசானமுத்து அல்ல.

ஹெப்சிபா வராந்தாவில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எனக்குச் சர்க்கரை இருந்தும் தின்றேன். பிரம்மசக்தி ஒரு கையில் லட்டும் ஒரு கையில் செருப்புமாக நின்றாள். கால் மணி நேரம் அந்தச் சந்தோஷம் நீடித்தது. அதற்குள் தீர்ப்பின் இரண்டாம் பக்கமும் வந்து சேர்ந்தது.

தண்டிக்கப்பட்ட மாசானமுத்து தலைமறைவு. அவரைத் தேடிப் பிடிக்க உத்தரவு. அவர் இடத்தில் இத்தனை வருஷம் ஜெயிலில் இருந்து, சாப்பிட்டு, அரசாங்கத்தை ஏமாற்றிய பெயர் தெரியாத நபர் மீது ஆள்மாறாட்ட வழக்கு. அதை விசாரிக்க வேண்டியது நெடுங்கரை கோர்ட். ஆள் அடையாளம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அந்த நபரை உடம்போடு கொண்டுவர வேண்டும்.

"கூட்டிட்டு வருவாங்கள்ல, வக்கீலம்மா?" என்றாள் பிரம்மசக்தி. அவளுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒரு வருஷம் போய் அந்த நாள் வந்தது. வழிக்காவல் வேன் வேப்பமரத்தடியில் நின்றது. கூண்டைத்தான் முன்பே எடுத்துவிட்டார்களே. ஒரு ஸ்டூல் போட்டிருந்தோம். வராந்தாவில் ஏட்டு அனுமதித்த கொஞ்ச நேரத்தில் ஹெப்சிபா அவரிடம் குனிந்து பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாக் கேளுங்க, அண்ணே. ஜெயில்ல உங்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்காங்க. நான்தான் மாசானமுத்துன்னு நீங்க உங்க வாயால சொன்னதுக்கு ஒரு ஆதாரமும் அவங்ககிட்ட இல்ல. அது இல்லாட்டி கேஸ் நிக்காது. இன்னைக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

"நான் என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேண்டாம். உள்ள அந்தப் பேரைக் கூப்பிடுவாங்க. இவரு நான் இல்லன்னு சொல்லவைக்க, பெட்டிக்குள்ள இருக்கிறதைத்தான் சாட்சியாக் கூப்பிடுதாங்க. நீங்க வாயத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப எனக்குப் பேரு?"

"இருக்காது."

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். மெலிந்த ஆள், நரைத்த தாடி, உப்பு அரித்த பாதம்.

"பேரு எதுக்கு?" என்றாள் பிரம்மசக்தி. "நான் என்னைக்கு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்? ஏங்கன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டீகளா?"

மாசானமுத்து சிரித்தார். "அதுக்குத் திரும்பாம இருக்க முடியுமா? வீட்டுல இருக்க விட்டுருவியா நீ?"

"வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க. பத்து நிமிசம். கலியாணம் ஆன நாள்லேர்ந்து என் முன்னால மூடிக்கிட்டுத்தான இருந்தீக?"

ஏட்டுகூடச் சிரித்துவிட்டார். வாசலில் செருப்பு தயாராக, வெளியே போகிற திசை பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே போனோம். அரசு வக்கீல் எழுந்து, அரசுத் தரப்பு முதல் சாட்சியை அழைக்க வேண்டும் என்றார். ஜட்ஜய்யா எனக்குத் தலையசைத்தார். நான் வாசலுக்குப் போய் நின்றேன்.

"மாசானமுத்து!"

வழக்கமாக முதல் கூப்பிடலுக்கே பதில் சொல்லுகிற உரு அன்று பேசவில்லை. பெட்டி வெறுமனே மினுமினுத்தது. இன்ஜினியர் அம்மா குனிந்து வயரைப் பிடுங்கிச் சொருகினார். ஸ்டூலில் இருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரம்மசக்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாசானமுத்து!"

பெட்டியில் கால் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் போனது. ஸ்டூலில் இருந்தவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. நான் நின்ற இடத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெங்கே பார்ப்பது? பெட்டி காலியாக இருந்தது.

மூன்றாவது கூப்பிடல் விட முடியாதது. கூப்பிட்டேன்.

"மாசானமுத்து!"

அவர் எழுந்து நின்றார்.

"ஐயா, இருக்கேன்" என்றார்.

அதே நொடியில் பெட்டி உயிர் பெற்றது. உரு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, "ஆஜர், ஐயா" என்றது. ஒரே குரல், இரண்டு இடத்திலிருந்து.

அரசு வக்கீல் உட்கார்ந்தார். ஜட்ஜய்யா எழுதிக்கொண்டிருந்தார். குற்றம் சாட்டப்பட்ட நபர், கோர்ட் முன்னிலையிலேயே, தலைமறைவுக் குற்றவாளியின் பெயருக்குத் தாமாக எழுந்து பதில் சொல்லிவிட்டார். இதற்கு மேல் சாட்சி எதற்கு? உருவை அணைக்கச் சொன்னார். தலைமறைவானவரின் உரு கோர்ட்டில் நிற்கிறதே, அதை யாராவது பிடிக்க வேண்டாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் டவாலி கூப்பிடத்தான் செய்யலாம், கேட்கக்கூடாது.

மூன்று வருஷம் தண்டனை. ஹெப்சிபா எழுந்தார். "இவர் ஏற்கெனவே அதைவிட அதிகமாக உள்ளே இருந்துவிட்டார், ஐயா. அதைக் கழித்துக்கொண்டால் இன்றே விடுதலை."

"அந்த வருடங்கள் மாசானமுத்து பெயரில் கழிந்தவை. மாசானமுத்து பிடிபடும்போது அவர் தண்டனையில் கழிக்கப்படும். இந்த நபருக்கு இன்றுதான் முதல் நாள்" என்றார் அரசு வக்கீல்.

ஜட்ஜய்யா நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். "கரெக்ட்" என்றார்.

வராந்தாவில் பிரம்மசக்தி அழவில்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன் சொன்னீக? பத்து நிமிசம் இருக்க முடியலியா? ஏன் சொன்னீக?"

"கூப்பிட்டாவள்ளா, பிரமு." அவர் குற்றம் செய்த பிள்ளை மாதிரி நின்றார். "இத்தனை வருசமா அந்தப் பெட்டியைப் பாத்துத்தான கூப்பிட்டிருப்பாவ. இன்னைக்கு என்னைய நேராப் பாத்துக் கூப்பிட்டாவ. எப்படி இல்லேங்கது?"

அவள் குனிந்து செருப்பை எடுத்து அவர் காலுக்கு முன்னால் போட்டாள். "வேன் வரைக்காவது போட்டுக்கிட்டுப் போங்க. தரை கொதிக்கி."

அவர் ஒரு காலை நுழைத்தார். பிறகு உருவிக்கொண்டார்.

"வேண்டாம் பிரமு. மாசானமுத்து செருப்பைப் போட்டேன்னு இன்னொரு கேஸு எழுதிருவாவ."

ஏட்டு மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். மாசானமுத்து வெறுங்காலோடு வேப்பமர நிழல் தீரும்வரை நடந்தார். அப்புறம் குதிகாலைத் தூக்கித் தூக்கி வேகமாகப் போய் ஏறிக்கொண்டார். பிரம்மசக்தி வேன் பின்னாலேயே போனவள், செருப்பை எடுக்கத் திரும்பி வரவில்லை.

சாயங்காலம் கோர்ட்டைப் பூட்டும்போது ஜட்ஜய்யா அதைப் பார்த்தார். "யாருடையது?" என்றார். சொன்னேன். தலைமறைவுக் குற்றவாளியின் உடைமையை வாசலில் விடக்கூடாது என்று அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. உள்ளே எடுத்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

வைத்தேன். ஜோடி பிசகாமல், வெளியே பார்த்த மாதிரியே வைத்தேன். முகம், குரல், தூக்குகிற கை எல்லாம் உருவுக்கு ஏற்கெனவே இருந்தன. செருப்பு ஒன்றுதான் பாக்கி இருந்தது.